நீல விளிம்பைத் தொடாதே

என் கண்ணான சபூராவுக்கு,

இப்படிக் கூப்பிட்டால் நீ முறைப்பாய். நீ இருந்தவரை உன்னை நான் ஒருநாளும் கண்ணே மணியே என்று கூப்பிட்டதில்லை. 'எருமை' என்றுதான் கூப்பிட்டேன். நீயும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாய், என்னையும் அப்படியே கூப்பிட்டாய். இப்போது முறைக்க ஆளில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். நம் பள்ளியின் பழைய மாணவர்கள் மலர் ஒன்று போடுகிறார்கள். உன்னைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். சிங்கப்பூர் புக்கிட் மேராவில் பிறந்தாள், படித்தாள், விண்மீன்களை ஆராய்ந்தாள் என்று நாலு வரி எழுதிப் பார்த்தேன். யாரோ முன்பின் தெரியாத பெண்ணைப் பற்றி எழுதியது போல இருந்தது. அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். நடுநடுவே உனக்குத் தெரிந்ததையே உனக்கு விளக்கிக்கொண்டிருப்பேன். வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்.

முதலில் என் சேதி. நீ போன அன்று நான் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாய். தலை வலிக்கிறது என்று மீன்காரரிடம் சொன்னாயாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மறுநாள் நீ இல்லை. இந்த நாலு வாக்கியத்தையும் நான் பலபேரிடம் சொல்லிவிட்டேன், அதே வரிசையில், அதே குரலில். பேருந்து எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று வழி சொல்வது போல.

ஆங் மோ கியோ வீட்டில் உன்னைப் பெற்ற உம்மா கதறினார். உன் சொந்தக்காரப் பெண்கள் உம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் உன்னைச் சுவா சூ காங் அடக்கத்தலத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் சமையலறையில் நின்று கழுவிய தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே திரும்பத் துடைத்தேன் என்று நினைக்கிறேன். அப்போது பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. "ஒரே வயித்துல பொறந்த மாதிரி சுத்துனதுங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் வரல பாரேன். கல்லு மனசு லா." எனக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. சாப்பிட உட்கார வைத்தார்கள். சாப்பிட்டேன். சோற்றில் உப்புக் குறைவு என்பதையும் கவனித்தேன். உன்னை அடக்கம் செய்த அன்று எனக்கு உப்புத் தெரிந்தது, சபூரா. அதை யாரிடம் சொல்ல?

வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒன்றையே சொன்னார்கள். 'அவ நட்சத்திரமா ஆயிட்டாம்மா.' விண்மீன் ஆராய்ச்சி செய்தவள் என்பதால் ஆளாளுக்கு அது பொருத்தமாகத் தோன்றியிருக்கிறது. நீ இருந்திருந்தால், "எந்த வகை நட்சத்திரம்? ஓ வகையா, பி வகையா? நிறமாலை எடுத்தீங்களா?" என்று கேட்டு அவர்களை ஓட ஓட விரட்டியிருப்பாய். நான் தலையை ஆட்டினேன். நட்சத்திரங்களும் சாகும், அதை வைத்துத்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது என்று சொல்லவில்லை.

இனிப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் மாப்பிள்ளையைப் பற்றி.

நாம் பல வருடங்களாக ஒரே ஒரு விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சூரியனைவிடப் பல மடங்கு பெரிய, சூடான, நீல நிற விண்மீன். அதற்கு வானியல் பட்டியலில் ஒரு நீளமான எண் உண்டு, பெயர் கிடையாது. அது தனியாக இல்லை. கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றிச் சுற்றி வருகிறது. அந்தத் தெரியாத ஆள், பெரிய விண்மீன் வெளியே ஊதுகிற காற்றைப் பிடித்து இழுத்து, சூடாக்கி, எக்ஸ்-கதிராக வீசுகிறது. அதனால்தான் அங்கே ஒருவர் இருக்கிறார் என்பதே தெரிந்தது. இப்படிப்பட்ட இரட்டைக்கு எக்ஸ்-கதிர் இரட்டை விண்மீன் என்று பெயர். அந்தத் தெரியாத ஆள் யார்? செத்துச் சுருங்கிப் போன நியூட்ரான் விண்மீனா, அல்லது அதைவிடக் கனமான கருந்துளையா? இதுதான் நம் கேள்வி.

"பொண்ணு சுத்துறத வச்சு மாப்பிள்ளை எவ்வளவு வெயிட்டுன்னு சொல்லணும்," என்று நீ ஒருநாள் உம்மாவிடம் விளக்கினாய். அன்றிலிருந்து அந்தத் தெரியாத ஆளுக்குப் பெயர் மாப்பிள்ளை. உம்மா சும்மா இருப்பாரா? "எனக்கு ஒரு மாப்புள்ள பாரு புள்ளன்னா, இவ வானத்துல போயி பாக்குறா. அதுவும் மொகமே காட்டாதவன்!" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நீ கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன வருத்தம் அந்தக் கேலியில் கொஞ்சம் கரைந்தது. கடைசியில் உம்மாவே தொலைபேசியில் உன்னிடம் நலம் விசாரித்துவிட்டு, "மாப்புள்ள எப்படி இருக்காரு?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

விண்மீனின் வெளிச்சத்தை வானவில் போலப் பிரித்தால் நடுவில் கறுப்புக் கோடுகள் தெரியும். அதுதான் நிறமாலை. விண்மீன் நம்மை நோக்கி வரும்போது கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகிப் போகும்போது சிவப்புப் பக்கம் நகரும். எவ்வளவு நகர்கிறது என்று அளந்தால் எவ்வளவு வேகத்தில் சுழற்றப்படுகிறது என்று தெரியும். வேகம் கூடினால் சுழற்றுகிறவர் கனமானவர். சொல்வதற்கு இவ்வளவுதான். அளப்பதற்குத்தான் நம் இளமை போனது.

அளப்பதில் நீ ஒரு வழக்கம் வைத்திருந்தாய். அவரவர் அறையில் அவரவர் தனியாக அளக்க வேண்டும். வந்த வேகத்தைத் துண்டுத்தாளில் எழுதி மடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் அளந்தது மற்றவர் காதில் விழவே கூடாது. சனிக்கிழமை மதியம் உன் லுஹர் தொழுகை முடிந்ததும் டன்லப் தெரு ஓரத்தில் இருக்கும் அந்தத் தேநீர்க்கடையில் சந்திப்போம். உனக்கு நுரைக்க ஆற்றிய தே தாரிக், எனக்குச் சர்க்கரை போடாத தே ஓ கோசோங். தே மேசைக்கு வந்த பிறகுதான் சீட்டைப் பிரிக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் எடுத்துக்கொள்வோம். பொருந்தாவிட்டால் இருவருடையதும் செல்லாது. திரும்ப அளக்க வேண்டும். தே ஆற்றுகிற அண்ணன், "சீட்டுக் குலுக்கியாச்சா? இன்னிக்கு யாருக்கு விழுந்துச்சு?" என்று கேட்பார். "வேணுங்கறதத்தான் கண்ணு பாக்கும் தேவி. ரெண்டு கண்ணும் வேற வேற தலையில இருக்கணும்," என்பாய் நீ.

இன்னொரு விதியும் இருந்தது. உன் கணினித் திரையின் ஓரத்தில் மஞ்சள் தாளில் எழுதி ஒட்டி வைத்திருந்தாயே, 'நீல விளிம்பைத் தொடாதே' என்று. அந்த அறைக்கு வருகிற சீன, மலாய் நண்பர்களெல்லாம் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்தார்கள். விஷயம் ரொம்பச் சாதாரணம். நம் விண்மீன் ஓயாமல் காற்றை ஊதுகிறது. நம்மை நோக்கி வருகிற அந்தக் காற்று, கோட்டின் நீலப் பக்க விளிம்பைக் கொஞ்சம் இழுத்துவிடும். அந்த விளிம்பையும் சேர்த்து அளந்தால் விண்மீன் உண்மையைவிட வேகமாக வருவதாகக் காட்டும். அது விண்மீனின் வேகம் இல்லை, அதன் மூச்சின் வேகம். ஆகவே கோட்டின் அடி ஆழத்தை மட்டும் அளக்க வேண்டும். அந்த மஞ்சள் தாளுக்குக் கீழே, தமிழ் வகுப்பில் படித்த பழமொழியையும் எழுதியிருந்தாய்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

நம் ஆராய்ச்சிக் கட்டுரை ஏறக்குறைய முடிந்திருந்தது. ஒரே ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. சுற்றுப்பாதையில் விண்மீன் நம்மை நோக்கி முழு வேகத்தில் வருகிற அந்த மூலை. ஒவ்வொரு முறையும் அந்த மூலைக்கு அது வரும்போது, தென்னமெரிக்க மலைமேல் இருக்கிற தொலைநோக்கிக்கு மேலே மேகம், அல்லது நிலா, அல்லது வேறு யாருடைய முறையோ. அந்த ஒரு நிறமாலை கிடைத்தால் முடிவு சொல்லலாம் என்று நீ விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தாய்.

உனக்கு அது கருந்துளை. சந்தேகமே இல்லை. கட்டுரையில் மட்டும் 'இருக்கலாம்' என்று அடக்கமாக எழுதினாய். என்னிடம் பந்தயம் கட்டினாய். "நியூட்ரான் விண்மீனா இருந்தா நான் டுரியான் சாப்பிடுறேன் லா!" படிப்பவர்களுக்கு இதன் கனம் தெரியாது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து டுரியான் என்கிற அந்தக் கடும்வாசனை முள்பழத்தைக் கண்டால் ஓடுகிறவள் நீ ஒருத்திதான். உம்மாவுக்கோ அது உயிர். ஆனாலும் உன் ஒருத்திக்காக அந்தப் பழம் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, கடையின் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு மேலே வருவார் உம்மா. அப்படியும் நீ உள்ளறையிலிருந்து கத்துவாய்: "யாரு அது வாசனையோட வர்றது!"

உனக்காகப் பாத்திஹா ஓதிப் பிரார்த்தித்த மறுநாள் அந்த மின்னஞ்சல் வந்தது. உன் பெயருக்கு வந்தது. எனக்கு ஒரு நகல். அன்புள்ள டாக்டர் சபூரா, தாங்கள் கேட்ட நிறமாலை வெற்றிகரமாக எடுக்கப்பட்டது, தங்கள் ஆய்வுக்கு வாழ்த்துகள். எந்திரம் தானாக அனுப்புகிற வாசகம். நீ போன சேதியை அந்த எந்திரத்துக்கு யார் சொல்வது? உன் அறைக்குப் போய்த் தரவை இறக்கினேன். உன் நாற்காலியில் உன் ஊதா நிறக் கம்பளிச் சட்டை அப்படியே தொங்கியது. பல்கலைக்கழகத்தில் நம் துறையில் குளிர்சாதனத்தின் குளிர் எப்போதும் போலத்தான். வானம் தெளிவாக இருந்திருக்கிறது. கோடுகள் கத்தியால் கீறியது போல விழுந்திருந்தன. நீ பார்த்திருந்தால் துள்ளியிருப்பாய். நான் துள்ளவில்லை. அளந்தேன். வேகம் பெரிதாக வந்தது. கணக்கில் போட்டேன். மாப்பிள்ளை கருந்துளை.

சந்தோஷமாக இருக்க வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. இருக்க முடியவில்லை. பழக்கத்தில் வேகத்தைத் துண்டுத்தாளில் எழுதி மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்று மாலையே உம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். வழக்கம் போல நலம் விசாரித்துவிட்டு, "மாப்புள்ள சேதி ஏதாச்சும் வந்துச்சா புள்ள?" என்று கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். சீட்டுப் பிரிக்காமல் வெளியே சொல்லக்கூடாது என்பது உன் சட்டம். "சபூரா சொன்னது சரிதான் போல இருக்கு உம்மா. பெரிய ஆளுதான்," என்றேன். உம்மா அழுதார். இது வேறு அழுகை. அடுத்த நாளுக்குள் உன் சொந்தபந்தம் முழுக்கச் சேதி போய்விட்டது. துறையில் உனக்கு நினைவுக் கூட்டம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள்; அந்த மேடையிலேயே நான் முடிவை அறிவிக்க வேண்டும் என்றார்கள். உம்மா முன்வரிசையில் உட்காருவார்.

சனிக்கிழமை கால்கள் தாமாக டன்லப் தெருவுக்குப் போயின. தே ஓ கோசோங் சொல்லிவிட்டு, சீட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தே ஆற்றுகிற அண்ணனுக்கு நீ போனது தெரியும். என்றாலும் கோப்பையை வைத்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, பழக்கத்தில், "இன்னொண்ணு எங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "பரவாயில்ல அண்ணே," என்றேன். ஆனால் அவர் கேட்டது சரிதானே? இன்னொன்று எங்கே? வேறொரு தலையில் இருக்க வேண்டிய இன்னொரு கண் எங்கே? சீட்டைப் பிரிக்காமல் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை முருகேசனிடம் கேட்டேன். விருதுநகரிலிருந்து நம் துறைக்கு ஆராய்ச்சிக்கு வந்தவர், துடிக்கிற விண்மீன்களைப் பார்க்கிறவர், மதிய உணவுக்கு உன் மீன் ஆணத்தில் பங்கு கேட்டு நிற்பவர், அவர்தான். நம் வழக்கத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "நானா மேடம்? சபூரா மேடம் எடத்துலயா?" என்றார். "எடத்துல இல்ல. சீட்டு எழுதறதுக்கு," என்றேன். நான் அளந்ததைச் சொல்லவில்லை. உன் மஞ்சள் தாளை மட்டும் காட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி. தே வந்தது. பிரித்தோம். பொருந்தவில்லை. கொஞ்சநஞ்ச வித்தியாசம் இல்லை, சபூரா. அவருடைய வேகம் அவ்வளவு குறைவு. அவருடையதை வைத்துக் கணக்குப் போட்டால் மாப்பிள்ளை கருந்துளையே இல்லை.

அவர்தான் பயந்தார். "நான்தான் தப்பு பண்ணிருப்பேன் மேடம். எனக்கு இந்த மாதிரி கோடு பழக்கமில்ல," என்றார். மடிக்கணினியை எடுத்து இருவருடைய அளவுக் கோப்புகளையும் அருகருகே திறந்தோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரையைப் பார்க்காமல் தேக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "மேடம், நீங்க அந்த நீலப் பக்கம் எதுவரைக்கும் எடுத்தீங்க?"

பார்த்தேன். என் அளவு கோட்டின் அடியில் நிற்கவில்லை. நீல விளிம்பின் கடைசிவரை போயிருந்தது. அது மென்பொருள் தானாகச் செய்கிற வேலை இல்லை. கையால் இழுத்து வைத்தால்தான் அங்கே போகும். ஒரு கோட்டில் மட்டும் இல்லை, எல்லாக் கோடுகளிலும் இழுத்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக, பொறுமையாக. என் கை அங்கே போனது எனக்கு ஞாபகமே இல்லை. எந்த விளிம்பைத் தொடாதே என்று பல வருடம் கண்முன்னால் எழுதி வைத்திருந்தாயோ, அதை உனக்காகத் தொட்டிருக்கிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இங்கே காக்கைக்குத் தான் கொஞ்சுவதே தெரியவில்லை.

"வேணும்னா முடிவு சொல்லாம விட்டுடலாம் மேடம்," என்றார் முருகேசன். அவருக்கு நல்ல மனசு. "ரெண்டுல ஒண்ணா இருக்கலாம்னு எழுதலாம். நெனவுக் கூட்டத்துல போயி எதுக்கு?" என் காதில் நீ பேசவில்லை; செத்தவர்கள் காதில் பேசுவதெல்லாம் நாடகத்தில்தான். ஆனால் நீ அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று தெரியும். இரண்டு சீட்டையும் கிழித்து, தேக் கோப்பைக்குள் போட்டுவிட்டு, "போயி திரும்ப அளங்க," என்றிருப்பாய்.

கிழித்தோம். திரும்ப அளந்தோம், அவர் தனி, நான் தனி. இந்த முறை சீட்டுகள் பொருந்தின. மாப்பிள்ளை நியூட்ரான் விண்மீன். நீ தோற்றுவிட்டாய், சபூரா.

துறையில் சொல்வது எனக்குக் கஷ்டமாக இல்லை. கட்டுரையைத் திருத்துவதும் கஷ்டமில்லை. உம்மாவிடம் எப்படிச் சொல்வது? மகள் கருந்துளையைக் கண்டுபிடித்தாள் என்று ஊருக்கே சொல்லிவிட்டு, அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் போய், இல்லை உம்மா, அதுவும் இல்லை என்று எந்த வாயால் சொல்ல? என் செங்காங் வீட்டிலிருந்து கிளம்பியவள் ரயிலில் ஆங் மோ கியோவைத் தாண்டிப் போய்விட்டேன். தாண்டிய பிறகும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கவில்லை. அதற்கும் அடுத்ததில் இறங்கித் திரும்பி வந்தேன்.

உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து நானும் இரண்டை உரித்தேன். பிறகு சொன்னேன்.

"உம்மா, மாப்பிள்ளை விஷயம். நான் சொன்னது தப்பு."

உம்மாவின் கத்தி நின்றது. "என்னா தப்பு?"

"அது கருந்துளை இல்ல. சின்ன ஆளுதான்."

"அப்ப சபூரா சொன்னது தப்பா?"

"அவ சொன்னது ஆசைல சொன்னது. அவ அளந்தது எல்லாம் சரியாத்தான் இருக்கு. கடைசியா வந்தத நான்தான் தப்பா அளந்துட்டேன்."

"நீயா? நீ எப்புடி தப்பா அளப்ப? ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்."

"தொடக்கூடாத எடத்தத் தொட்டுட்டேன் உம்மா. அவ ஜெயிக்கணும்னு கை தானா போயிருக்கு. எனக்கே தெரியல."

உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு எல்லாரும் உன்னயச் சொன்னாளுவ, கல்லு மனசுன்னு. நான் ஒண்ணும் சொல்லல," என்றார். "அழுவுறதுக்கு உனக்கு வேற எடமே கெடைக்கலயா புள்ள? அவ வேலயிலயா போயி அழுவே?"

வெங்காயத்தை உரித்தேன்.

கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டு உம்மாவே கேட்டார். "சின்ன ஆளுன்னா எம்மாஞ் சின்னம்?"

"இந்தச் சிங்கப்பூருக்குள்ள அடங்கிடுவாரு. ஆனா சூரியன விட கனம்."

உம்மா யோசித்தார். "அப்ப இந்த எச்டிபி அடுக்குமாடி வீட்டுக்கு ஒத்து வருவாரு," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். உம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அந்தப் பேப்பர்ல அவ பேர எடுத்துடாத," என்றார். "மேலதான் இருக்கும் உம்மா. எனக்கு மேல," என்றேன். "ஊர்க்காரவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். எம் மவ சரியா அளந்தா, மாப்புள்ளதான் சின்னவனாப் போயிட்டான்னு சொல்றேன். எந்த வீட்லயும் நடக்கறதுதானே?"

அப்போதுதான் பந்தயத்தைச் சொன்னேன். தோற்றால் டுரியான் சாப்பிடுகிறேன் என்று நீ சொன்னதை. அது உம்மாவுக்குத் தெரியாது. "இவளா? டுரியானா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வா, கீழ போவோம். சொன்ன சொல்லு பாக்கி நிக்கக் கூடாது, நம்ம சாப்புடுவோம்," என்றார்.

கீழே கடையில் முகர்ந்து, தட்டி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து உம்மா ஒன்றை எடுத்தார். கடைக்காரர் வழக்கம் போல முக்காலியை இழுத்துப் போட்டார். உம்மா உட்காரவில்லை. "இல்ல, கட்டிக் குடுங்க. வூட்டுக்குக் கொண்டு போறேன்," என்றார். மின்தூக்கியில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்தோம். உம்மா கத்தியின் நுனியை ஓட்டின் இடுக்கில் செருகி முறுக்கினார். பிளந்தது. வாசனை உனக்குத் தெரியுமே. சமையலறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, நடைபாதை முழுக்கப் பரவி, உன் அறைக்குள் போனது. உன் அறைக்கதவு திறந்துதான் இருந்தது.

நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். உம்மாவின் கையில் ஒரு சுளை. என் கையில் ஒன்று. யாரும் வாயில் வைக்கவில்லை. இருவரும் உன் அறைப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தோம். நீ கத்துவாய் என்று. யாரு அது என்று. வெளியே போறேன் என்று.

நீ கத்தவில்லை, சபூரா.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மருத்துவமனையில் சொன்னபோது தெரியவில்லை, உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது தெரியவில்லை. வீட்டுக்குள் டுரியான் இருக்கிறது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. என் கண்ணிலிருந்து என்னவோ இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினேன். கை முழுக்கப் பழம். உம்மா அழுதுகொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "அந்தக் கையோட கண்ணத் தொடாத புள்ள," என்றார்.

அதனால் துடைக்காமலேயே அழுதேன். சுளையைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதேன். உன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, நீ விட்டுவிட்டாய். மறுநாள் காலையில் மறுபடியும் மரத்துப் போய்விட்டேன். அது ஒரே நாளில் போகிற சமாச்சாரம் இல்லை போலிருக்கிறது. உம்மா வீட்டில் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தும் வாசனை இன்னும் போகவில்லையாம்.

கட்டுரையை அனுப்பிவிட்டேன். முதலில் உன் பெயர், பிறகு என் பெயர், நன்றி சொல்கிற இடத்தில் முருகேசன். நினைவுக் கூட்டம் வரும் வாரம். மேடையில் ஏறி, சபூரா தேடிய கருந்துளை அங்கே இல்லை, இல்லை என்பதை அவள் வைத்த வழக்கம்தான் கண்டுபிடித்தது என்று சொல்வேன். உம்மா முன்வரிசையில் இருப்பார். அழுகை வந்தால் மேடையிலேயே அழுவேன், வராவிட்டால் விட்டுவிடுவேன். ஆனால் உன் வேலைக்குள் போய் இனி அழமாட்டேன். இது சத்தியம். அளக்க உட்காரும்போது உன் மஞ்சள் தாள் என் திரையில் இருக்கும். எத்தனை பிரியமானவர்களுக்காகவும் அந்த விளிம்பை என் கை தொடாது.

இப்படிக்கு,
நீ கூப்பிட்ட எருமை, உன் உம்மாவுக்கு மிச்சமிருக்கிற மகள்,
தேவி